ஹரியானாவில் எனக்கொரு கடை

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

காலையில் எழுந்ததும் கணினியைத் திறந்து, இரவில் வந்த ஆர்டர்களுக்கு முகவரிச் சீட்டு அச்சடிப்பதுதான் என் முதல் வேலை. காப்பிகூட அதற்குப் பிறகுதான். இன்று விற்பனைத் தளத்தின் பக்கம் திறந்ததும் மேலே சிவப்பாக ஒரு பட்டை. உங்கள் விற்பனைக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம், உங்கள் ஹரியானா ஜி.எஸ்.டி. எண் இடைநிறுத்தம்.

வேறு யாருடைய கணக்கோ தவறி என் கணினியில் திறந்துகொண்டது என்று நினைத்தேன். வெளியேறி மறுபடி நுழைந்தேன். 'தளிர், உரிமையாளர் கோகிலவாணி' என்றுதான் இருந்தது. பட்டையும் அப்படியே இருந்தது.

திருப்பூரில் ஒரு வீட்டின் மாடியில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு நைட்டி தைத்து இணையத்தில் விற்கிறவள் நான். ஹரியானா எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைபடம் பார்த்துத்தான் சொல்வேன்.

அண்ணன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, நமக்கு ஹரியானால ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குதுங்களா?"

துணியைப் பிழிந்து உதறினார். "இருக்குது. அதுக்கென்ன இப்ப?"

"எனக்குத் தெரியாதுங்களே."

"உனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம்? நீ நைட்டியப் பாரு. நம்பரை நான் பாத்துக்கறேன்."

சரிதான். நான் தாராபுரத்திலிருந்து, கட்டிக்கொண்டவர் வீட்டை விட்டு, ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் மாடியைத் திறந்துவிட்டவர் அவர். அவருடைய பனியன் கம்பெனி அப்போதுதான் மூடியிருந்தது. தையல் எந்திரங்கள் சும்மா கிடந்தன. நான் தைத்தேன், படம் பிடித்துப் போட்டேன், விற்றது. அவருடைய ஜி.எஸ்.டி. எண் ரத்தாகியிருந்ததால் எல்லாவற்றையும் என் பெயரில் எடுத்தார். தங்கச்சிக்கும் ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஜூன் 4, புதன்

இன்றும் இல்லை. மெரூன் நைட்டிகள் மடித்தபடி கிடக்கின்றன. அண்ணி புளிக்குழம்பு வைத்தார்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு பெண் தகவல் அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை பிரசவ ஆபரேஷனாம், அதற்குள் நைட்டி வந்துவிடுமா என்று கேட்கிறாள். போன வாரமே பணம் கட்டிவிட்டாள். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. கணக்கு நின்றால் பதில் எழுதும் கட்டமும் நின்றுவிடுகிறது.

அண்ணனிடம் மறுபடி கேட்டேன். இந்தமுறை உட்கார்ந்து பொறுமையாகவே சொன்னார். போன தீபாவளிக்கு முன்னால் அந்த விற்பனைத் தளத்தின் ஆள் ஒருவர் போன் செய்தது எனக்கும் நினைவிருக்கிறது. சரக்கைத் திருப்பூரிலேயே வைத்திருந்தால் வடக்கே போய்ச் சேர ஒரு வாரம் ஆகிறது, எங்கள் குடோன்களில் இறக்கி வையுங்கள், மறுநாளே டெலிவரி என்றார். அதற்கு அந்தந்த மாநிலத்தில் எண் வேண்டுமாம். அண்ணன் என் பான் கார்டையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டார். ஆள் அடையாளம் பார்க்கிறார்கள் என்று செல்போனைப் பார்த்துத் தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன்.

"கர்நாடகா, மகாராஷ்டிரா, ஹரியானா. மூணு எடுத்தேன். ஹரியானாக்காரன் என்னமோ சந்தேகம் கேக்கறான். டெல்லில நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கறான், பேசிட்டு இருக்கறேன். நீ எந்த ஆடிட்டர்கிட்டயும் போய் நிக்காதே. போனா இருக்கறதும் கெட்டுப்போகும்."

கஞ்சி போட்ட சட்டையில் அண்ணன் இன்று நன்றாக இருந்தார். அவருக்கு இவ்வளவு தெரிந்திருப்பது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

காதர்பேட்டைக்கு லேஸ் வாங்கப் போகிறேன் என்று அண்ணியிடம் சாவி கேட்டேன். ஸ்கூட்டர் சாவியும் கீழே கிரில் கதவுச் சாவியும் ஒரே வளையத்தில் அண்ணியின் இடுப்பில் இருக்கும். திருட்டுப் பயம். எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று மூன்றும் கேட்டுத்தான் கொடுப்பார். அக்கறைதான்.

லேஸ் வாங்கினேன். அதற்குப் பிறகு குமரன் சாலையில் ஒரு மாடி ஏறினேன். பரிதா மேடம் என் வாடிக்கையாளர். இரண்டாவது குழந்தைக்கு என்னிடம் நான்கு நைட்டி வாங்கினார். சீட்டு ஒட்டும்போதே கவனித்திருக்கிறேன், முகவரியில் 'வரி ஆலோசகர்' என்று இருக்கும். ஊருக்குள்ளேயே இருக்கிறவருக்குக் கூரியரில் அனுப்புகிறோமே என்று அப்போது சிரித்துக்கொண்டது உண்டு.

மேடம் கணினியில் என் பான் எண்ணைத் தட்டினார். நான்கு வரிகள் வந்தன. தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா, ஹரியானா. நான்கிலும் என் பெயர்.

"இங்கிருந்தே பார்சல் அனுப்பினா அஸ்ஸாமா இருந்தாலும் குஜராத்தா இருந்தாலும் தமிழ்நாட்டு நம்பர் ஒண்ணே போதும்மா," என்றார். "தமிழ்நாட்டுக்குள்ள வித்தா வரி பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. வெளி மாநிலத்துக்குன்னா ஒரே வரியாப் போகும், அவங்க பிரிச்சுக்குவாங்க. ஆனா சரக்கை வேற மாநிலத்து குடோன்ல எறக்கி அங்கிருந்து வித்தா, அங்க நீங்க கடை போட்ட மாதிரி. தனி நம்பர், தனிக் கணக்கு, மாசாமாசம் தனி ரிட்டர்ன்."

"அப்ப நான் நாலு பேருங்களா?"

"சட்டத்துக்கு நாலு பேரு. திருப்பூர் கோகிலவாணி ஹரியானா கோகிலவாணிக்கு நைட்டி அனுப்பினாலே அது விற்பனைதான். பில்லு போட்டு வரி கட்டியிருக்கணும். கட்டியிருக்கீங்களா?"

"அண்ணனுக்குத்தான் தெரியும்."

"உள்ள போற பாஸ்வேர்டு?"

"அண்ணன்கிட்ட."

"ஓ.டி.பி. வர்ற போனு?"

"அண்ணன்கிட்டதாங்க."

"பேங்க் கார்டு?"

"கேட்டா குடுப்பாருங்க."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "உங்ககிட்ட என்னம்மா இருக்கு?"

"தையல் மிஷின் இருக்குதுங்க," என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதுவும் அண்ணனுடைய பழைய கம்பெனி மிஷின் என்று நினைவு வந்தது.

இன்னொன்றும் காட்டினார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அரசாங்கத் தளத்திலேயே இருக்கிறது. ஹரியானா எண்ணில் நான் விற்கும் பொருள் என்ன என்று கேட்டால், ஆயத்த ஆடை என்று ஒன்று. அதன் கீழே, செம்புக் கழிவு.

"நீங்க பழைய செம்பு விக்கறீங்களா?"

வீட்டில் ஒரு செம்புக் குடம்கூட இல்லை. எவர்சில்வர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

லேஸ் வாங்க ஏன் இவ்வளவு நேரம் என்று அண்ணி நேற்றிலிருந்து கேட்கிறார். கூட்டம் என்றேன்.

ஜூன் 14, சனி

அண்ணனிடம் செம்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். விற்பனைத் தளத்துக்குப் போன் செய்தேன், அவர்கள் சொன்னார்கள் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் எனக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்தார். சூடாக இருந்தது.

"டெல்லிக்காரன் ஏமாத்திட்டான் அம்மிணி. ரிட்டர்ன் போட்டுத் தர்றேன்னு நம்பரை வாங்கினவன், அதுல செம்பு வித்தாப்பல வெறும் பில்லா போட்டுத் தள்ளியிருக்கறான். சரக்கே இல்லாம பில்லை மட்டும் விக்கற கூட்டம். அதை வாங்கறவன் வரி கட்டினதாக் காட்டிக் கழிச்சுக்குவான். நானே ஏமாந்து நிக்கறேன். நீயும் என்னைய சந்தேகப்பட்டா நான் எங்க போறது?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். பன்னில் பாதியைத் தாரணிக்குக் கொடுத்தேன். அண்ணன் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. படிக்கும்போது எதையாவது மென்றுகொண்டே இருப்பாள்.

ஜூன் 17, செவ்வாய்

வங்கியிலிருந்து அண்ணன் போனுக்குச் செய்தி. என் கணக்கை வரித்துறை முடக்கிவிட்டது. போடலாம், எடுக்க முடியாது. தைக்க வரும் இரண்டு அக்காக்களையும் இந்த வாரம் வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் மிஷினுக்கு உறை போட்டார். சின்னவர் தன் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டார். எப்போதும் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்.

ஜூன் 18, புதன்

மாடி முழுக்கக் கூட்டினேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று அண்ணி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

போன ஆவணியில் பல்லடத்திலிருந்து, விவாகரத்தானவள் என்று தெரிந்தே, என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்லசிவம் என்று பெயர். அச்சகம் வைத்திருக்கிறார், மனைவி இறந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். நான் தைத்த நைட்டியைக் கையில் எடுத்து, உள்ளே மறைத்து வைத்த ஜிப்பைப் பார்த்து, "இது நல்ல யோசனைங்க" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. ஆள் விசாரித்ததில் சரியில்லை என்று அண்ணன் வேண்டாமென்றுவிட்டார்.

துணி காயப்போடும்போது அண்ணி சொன்னார்: "அன்னைக்கே உன்னையக் கட்டிக் குடுத்திருந்தா இந்தத் தலவலியெல்லாம் பல்லடத்தோட போயிருக்கும். உங்கண்ணன்தான், அவ போனா கம்பெனியும்ல ஒட்டுக்கா போயிரும்னு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒரு பாவாடையை இரண்டு முறை உதறினார்.

வாய் தவறி வந்திருக்கும். காலையிலிருந்து அண்ணிக்கு உடம்பு சரியில்லை.

ஜூன் 25, புதன்

ஹரியானா அலுவலகத்திலிருந்து விசாரணைத் தேதி வந்துவிட்டது. ஜூலை 10. நேரில் போகவேண்டாம், வீடியோவிலேயே பேசலாமாம். செம்பு விற்றதாகக் காட்டிய பில்களுக்கெல்லாம் உரிமையாளர் என்ற முறையில் நான் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அத்தனைக்கும் வரியும் அபராதமும் என் தலையில். தொகையை எழுதப் பிடிக்கவில்லை. நான் ஆயுசுக்கும் நைட்டி தைத்தாலும் தீராது.

அண்ணன் ஒரு தாள் கொண்டுவந்தார். தட்டச்சு செய்திருந்தது.

"இதைத்தான் சொல்லோணும். படிச்சு மனசுல ஏத்திக்கோ. நான் ஒரு ஏஜெண்டுகிட்ட நம்பரைக் குடுத்தேன், பேரு ஞாபகமில்லை, போனு தொலைஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

"உங்ககிட்டதானுங்ண்ணா போனு இருந்துச்சு?"

"எம்பேரு எதுக்கு இதுல? ஆம்பளைன்னா புடிச்சு உள்ள வெப்பான். பொம்பளப் புள்ளை, படிக்காதவள்னா வுட்டுருவாங்க."

"நான் பி.காம். படிச்சிருக்கறேனுங்ண்ணா."

"அதைச் சொல்லாதே."

ஜூன் 27, வெள்ளி

சொல்லிப் பார்த்தேன். நான் ஒரு ஏஜெண்டிடம் எண்ணைக் கொடுத்தேன். பெயர் நினைவில்லை. கண்ணாடி முன் நின்று சொன்னால் நன்றாகத்தான் வருகிறது.

ஜூன் 30, திங்கள்

பரிதா மேடம் சொன்னபடி செய்துவிட்டேன்.

கோயிலுக்கு என்று சாவி வாங்கினேன். ஒரு சிம் கார்டு வாங்கினேன். தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்று, ஆதாரில் அண்ணன் எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போடச் சொல்லிக் கைரேகை வைத்தேன். அங்கிருந்து மேடத்தோடு வரி அலுவலகம்; மற்ற மூன்று மாநிலங்களுக்கும் மேடம் மின்னஞ்சலில் எழுதினார். ஜி.எஸ்.டி.க்குப் பதிவு செய்த போன் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளரே பான் கார்டோடு போய் அதிகாரியிடம் கேட்கலாமாம். நான்கு வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதிகாரி என்னையும் கார்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இத்தனை நாள் இந்த நம்பர் யாருகிட்ட இருந்துச்சு?"

"வீட்டுல இருந்துச்சுங்க," என்றேன்.

வரும் வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் நிறுத்தி விபூதி பூசிக்கொண்டேன். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேனே.

ஜூலை 3, வியாழன்

பழைய எண்ணுக்குச் செய்தி வருவது நின்றிருக்கும். அண்ணன் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மோர் ஊற்றினார்.

ஜூலை 5, சனி

மேடத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து முதல்முறையாக என் கணக்குக்குள் நானே நுழைந்தேன். ஹரியானா எண்ணில் மாதம் தவறாமல் விற்பனைக் கணக்கு போட்டிருக்கிறது. எல்லாம் செம்பு. என் நைட்டிகளைக் காணோம். அவை குடோனில் இருக்கின்றனவா, விற்றனவா என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"டெல்லிக்காரன் தானாப் போட்டிருக்க முடியாதும்மா," என்றார் மேடம். "ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேக்கும். ஒவ்வொரு தடவையும் இங்க யாரோ போனைப் பாத்து அவனுக்கு நம்பரைப் படிச்சுச் சொல்லியிருக்காங்க."

எனக்குத் தெரியும். மாடிப்படியில் நின்று அண்ணன் போனில் மெதுவாகச் சொல்வார். நாலு, ஏழு, ஒம்போது, ரெண்டு. நான் உள்ளே டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். சிலிண்டர்காரனுக்கு எண் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். மாதாமாதம் சிலிண்டர் வருகிறதுதானே.

இதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணி சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"உங்கண்ணனுக்கு எல்லாம் தெரியும். நீ போனை மாத்தினது, அந்த பாய் பொம்பளகிட்ட போறது, எல்லாம். இன்னும் உன்னைய ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா?"

"ஆமாங்கண்ணி."

"எனக்கும் மொதல்ல தெரியாது. தாரணிக்கு நீட் கோச்சிங் கட்டறதுக்குப் பணம் வந்துச்சு, கேட்டேன், சொன்னாரு. பில்லுக்கு இத்தனைன்னு டெல்லிக்காரன் அனுப்புவானாம். தப்புன்னு தெரியும். கட்டிட்டமே, அப்பறம் என்ன பண்றது?" காம்புகளை ஒதுக்கினார். "அவர் உள்ள போனா நாங்க ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிப்போம். நீ போனா... உனக்குன்னு யாரு இருக்கா, அழறதுக்கு?"

அண்ணி அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவரச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயம் மாதிரியே பட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

ஜூலை 9, புதன்

தாரணி மாடிக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "அத்தை, நாளைக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். தூங்கு என்றேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அண்ணனே என்னை மேடத்தின் அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிப்போனார். வீட்டிலிருந்தே பேசலாம் என்றார், எங்கள் வீட்டுக் கணினியில் கேமரா பழுது என்று நான் சொன்னேன். அது உண்மைதான், நேற்று நானே ஒயரைப் பிடுங்கினேன். மேடம் அண்ணனைப் பார்த்ததும் வெளியே உட்காரச் சொன்னார். "தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் பக்கத்துல இருக்கோணும்," என்றார் அண்ணன். கேமராவில் விழாத நாற்காலியில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். என் முகத்தை அதிகாரியும் பார்க்கலாம், அண்ணனும் பார்க்கலாம்.

திரையில் வந்தவர் வயதானவர். பின்னால் பீரோக்கள், ஒரு மண்பானை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மேடம் தமிழில் சொன்னார்.

"நீங்க செம்பு வியாபாரம் பண்றீங்களான்னு கேக்கறார்."

"இல்லீங்க. நைட்டி தைக்கறேன்."

"ஹரியானாவுல உங்களுக்குக் கடை இருக்கா?"

"குடோன்ல சரக்கு வெச்சிருந்தேன். அதுக்காகத்தான் நம்பர் எடுத்தது. நான் அங்க போனதே இல்லீங்க."

"ரிட்டர்ன் போட்டது யாரு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். தாளில் இருந்தது முழுக்க எனக்குள் வரிசையாக வந்து நின்றது. நான் ஒரு ஏஜெண்டிடம் எண்ணைக் கொடுத்தேன். அடுத்த வரியும் தெரியும். வாயைத் திறந்தால் வந்துவிடும்.

"நான் போடலீங்க," என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை வைத்துவிட்டு நிதானமாக ஏதோ கேட்டார்.

"அப்ப ஓ.டி.பி. வந்த போனு யாருகிட்ட இருந்துச்சுன்னு கேக்கறார்."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டவில்லை. சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நான் உள்ளே போகும்வரை வாசலில் நின்று பார்ப்பாரே, அந்த முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எங்கண்ணன்கிட்டங்க. ஈஸ்வரமூர்த்தின்னு பேரு. இங்கதான் எனக்கு முன்னால உக்காந்திருக்கறாரு."

மேடம் உடனே மொழிபெயர்க்கவில்லை. மைக்கைக் கையால் மூடினார். "கோகிலா, இதைச் சொல்லிரட்டுமா? சொல்லிட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

"சொல்லுங்க," என்றேன்.

இந்தியில் அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. நடுவில் ஈஸ்வரமூர்த்தி என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்கும். எழுந்து வெளியே போனார்.

முடிந்து நான் கீழே இறங்கியபோது அண்ணன் இன்னும் போயிருக்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தி உட்கார்ந்திருந்தார்.

"ஏறு அம்மிணி. வீட்டுக்குப் போலாம்."

குரலில் கோபமே இல்லை. எனக்குக் கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. பின்சீட்டின் கம்பியைப் பிடித்துவிட்டேன். வெயிலில் அது கொதித்தது. அந்த வீட்டின் கிரில் கதவு, மாடி, அண்ணியின் சாவிக்கொத்து எல்லாம் கண்ணில் வந்தன. வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

"நான் வர்லீங்ண்ணா."

"எங்க போவே?"

"தெரியலீங்ண்ணா."

பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் கிளப்பிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் பார்த்தாரா என்று தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

பெண்கள் விடுதி. மேடம் சேர்த்துவிட்டார். மாற்றுத்துணி இல்லை என்றதும் வீட்டிலிருந்து ஒரு நைட்டி கொண்டுவந்தார். நான் தைத்ததுதான். பிரித்துப் பார்த்தேன், தையல் எங்கும் விடவில்லை. பால் கொடுக்க மறைவாக இரண்டு ஜிப். எனக்கு வேண்டாத ஜிப். போட்டுக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்த துணியில் பிசிறு பார்க்க வேண்டும்.

அண்ணனுக்குச் சம்மன் போயிருக்கிறது. முன்ஜாமீன் வாங்கிவிட்டாராம். வழக்கு முடியும் வரை ஹரியானா எண் என் பெயரில்தான் இருக்கும், வங்கிக் கணக்கும் முடங்கியே இருக்கும். நீங்கள் சொன்னதை அவர்கள் நம்பவும் செய்யலாம், நம்பாமலும் போகலாம் என்று மேடம் மறைக்காமல் சொன்னார். கர்நாடகாவுக்கும் மகாராஷ்டிராவுக்கும், விற்பனை ஒன்றும் இல்லாவிட்டாலும் இல்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குடோன்களில் கிடக்கும் நைட்டிகளைத் திருப்பி வரவழைத்து, விட்டுப்போன பில் போட்டு, வரி கட்டி, கடைசிக் கணக்குக் கொடுத்துத்தான் அந்த எண்களை மூடலாம். கடை திறக்கும்போது தலையை ஆட்டினால் போதும் என்றிருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

தாரணி பள்ளிக்கூடத்தில் தோழி போனிலிருந்து பேசினாள். பாடத்தில் ஒரு கணக்கு கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியா அம்மிணி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பக்கத்துக் கொடியில் துணி போட்ட பெண் தள்ளிப் போய்விட்டாள்.

"அழாதே. நடந்தது நடந்து போச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. உங்கண்ணி தெனம் உன்னையத்தான் சொல்றா. மாடி பூட்டியே கெடக்குது. வந்துரு."

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. இத்தனைக்கும் பிறகும் அந்த மாடிக்குப் போகத்தான் மனம் துடித்தது.

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம்," என்றார். "தெலங்கானால. இந்தத் தடவ சுத்தமா, நைட்டி மட்டும்தான். எம்பேர்ல இனி ஒண்ணும் எடுக்க முடியாது, உம்பேர்லதான் போட்டிருக்கறேன். இப்ப உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் படிச்சுச் சொல்லு. சாயந்திரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

காதிலேயே போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆதாரிலிருந்து ஆறு இலக்கம்.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்ண்ணா."

"படி."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் அண்ணியின் குரல், மெதுவாக: "சொல்றாளா?"

நான் எந்த வீட்டுக்குப் போகத் துடித்தேனோ அந்த வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு எண்ணுக்காகக் காத்திருந்தது.

"அம்மிணி, படி. நேரம் போச்சுன்னா செத்துப்போகும்."

"சொல்ல மாட்டேனுங்ண்ணா."

"என்ன?"

"சொல்ல மாட்டேன். இனி எந்த நம்பரையும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும். மாடிப்படில நின்னு நீங்க படிச்சுக் குடுத்தது எனக்குத் தெரியும். அதிகாரிகிட்டயும் எழுதிக் குடுக்கப் போறேன்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஈரத்துணியிலிருந்து சொட்டிச் சொட்டிக் காலடியில் தரை நனைந்துவிட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது. என்னை ஏதாவது திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எண் செத்துப்போகும் நேரம் வரைக்கும், அதைத் தாண்டியும் அப்படியே இருந்தோம்.

"வெச்சிரட்டுமா?" என்றார் கடைசியில்.

"வைங்ண்ணா."

மீதித் துணிகளைக் காயப்போட்டுவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிரியாணி. ஒரு தட்டு முடித்து, இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.